கையெழுத்துக்கு மேலே ஒரு பெயர்

அத்தியாயம் 6

அசரியா சார் கடிதத்தை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். ஒரு மனிதனின் வேலை, மானம், மறுபடி தலைநிமிரும் ஆசை மூன்றையும் ஒரே பக்கத்தில் தீர்த்துக்கட்டும்படி, அவனுடைய மேலதிகாரிக்கு எழுதிய கடிதம். அதில் ஒரே ஒரு இடம்தான் காலி. அது பெயர் எழுத வேண்டிய இடம்.

"அந்தப் பேர் மட்டும் எனக்கு வேணும், மேடம். மீதியை நான் பார்த்துக்கறேன். அவன் இனிமே எந்தக் கம்ப்யூட்டர்லயும் கை வைக்கக் கூடாது."

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் அவருடைய வீடு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. எதிர் நாற்காலியில் துப்பறியும் கலைவாணி. இருபது வருடம் டெலிபோன் இலாகாவில் புகார் கேட்டுக் கேட்டு, யார் பொய் சொல்கிறார்கள் என்பதை மூச்சை வைத்தே கண்டுபிடிப்பவள். அவளுக்குப் பின்னால், சாத்திய கதவில் சாய்ந்துகொண்டு அவளுடைய உதவியாளன் சீனு. வயது நாற்பத்தொன்று, நகரி நெசவுக்காரக் குடும்பம், வாய் மட்டும் மூன்று பேருக்கு உண்டானது.

விஷயம் சீனுவுக்கு நேற்றுதான் ஓரளவு பிடிபட்டது. 'மருதம்' என்று ஒரு இயங்குதளம். லேப்டாப்பை உயிரோடு எழுப்பி உட்கார வைப்பது அதுதான். யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். அதற்குள்ளே பழைய லேப்டாப்புகளில் இருக்கும் ஒரு வயர்லெஸ் கார்டை வேலை வாங்குகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவரைப் பதினோரு வருடமாகப் பராமரித்தவர் அசரியா. உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் திருத்தம் அனுப்பினாலும் அவர் படித்து, கார்டில் சோதித்து, அடியில் பெயர் போட்டால்தான் உள்ளே போகும். அந்தப் பெயருக்குத்தான் இவர்கள் உலகத்தில் கையெழுத்து என்று சொல்கிறார்கள்.

"பதினாலு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்னேன் அக்கா," என்று சீனு நேற்று கலைவாணியிடம் அலுத்துக்கொண்டான். "ஒரு நாய் கூட இவ்ளோ மரியாதையா என்னைக் கேட்டுகினு திருத்தல."

இரண்டு மாதத்துக்கு முன்னால் மகிழன் என்ற பெயரில் ஒரு திருத்தம் வந்தது. அசரியா கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் ஆறாயிரம் பள்ளிக்கூட லேப்டாப்புகளில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வை-ஃபை செத்தது. மகிழன் என்று ஒரு ஆளே உலகத்தில் இல்லை. பழி முழுவதும் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுந்தது. மருதத்தை நிர்வகிப்பவர்கள் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். போதாததற்கு ஒரு கெடுவும் வைத்திருந்தார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குள் இந்தக் கார்டுக்குப் பொறுப்பேற்க யாரும் வராவிட்டால் டிரைவரையே தூக்கி எறிந்துவிடுவார்கள். பதினோரு வருடம் போய்விடும்.

"திருப்பதி வெங்கடரமணன்தான். எழுதிக்குங்க," என்றார் அசரியா. "என் இடத்துக்கு ரொம்ப நாளா கண்ணு அவனுக்கு."

"அவர் இல்லீங்க சார்," என்றாள் கலைவாணி. "அந்த மாசம் பூரா அவருக்கு ரெண்டு கையும் உடைஞ்சு, புத்தூர்ல மூங்கில் பத்தை வச்சுக் கட்டியிருக்காங்க. நேத்து போய்ப் பாத்துட்டு வந்தோம்."

"மூக்கு சொறியவே ஆள் வச்சிருந்தாராம் சார்," என்றான் சீனு. "டைப் அடிக்கறது எங்க."

அசரியா கோபமாக அவனைப் பார்த்துவிட்டு, அச்செடுத்த அந்தத் திருத்தத்தை மேசைமேல் தூக்கிப் போட்டார். இருநூறு வரி. பார்த்ததும் சீனுவுக்குத் தலை சுற்றியது.

"இதை நான் நூறு தடவை அலசிட்டேன். எந்த வரியில குழப்பினான்னு கண்டுபிடிச்சுட்டேன். யாருன்னுதான் தெரியல."

கலைவாணி காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "எனக்குப் புரியாத வரியெல்லாம் நீங்க படிச்சிட்டீங்க சார். எனக்குப் புரியற வரி நாலஞ்சுதான் கீது. அதை நான் படிக்கறேன்."

அவள் விரல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. அங்கே நிரல் முடிந்து மனிதர்கள் பேசும் பாஷை ஆரம்பித்தது. அடியில் மகிழன் கையெழுத்து, அதற்குக் கீழே அசரியா கையெழுத்து. இரண்டுக்கும் மேலே ஒரு வரி. பிழையைத் தெரிவித்தவர்: ஷோபா.

"இந்த ஷோபா யாரு சார்?"

"யாராவது இருப்பாங்க," என்றார் அசரியா. "பிழையை முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னவங்க பேரைப் போடறது எங்க வழக்கம். எத்தனையோ பேர் சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அந்த டம்ளரில் தண்ணீர் தீர்ந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. சீனு பார்த்தான். கலைவாணி பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, இது இன்னா? ஏதோ கடை பேரா வரிசையா கீது?"

"அதுவா? கார்டு வேலை செய்யுதுன்னு காட்ட, அது சுத்துவட்டாரத்துல பிடிச்ச வை-ஃபை பேரையெல்லாம் ஒட்டி அனுப்புவாங்க. அவனோட பேரு, மெஷின் நம்பர் எல்லாத்தையும் அழிச்சிருக்கான் பாருங்க. உஷாரான ஆளு."

"தன் பேரை அழிச்சிட்டான். அக்கம்பக்கத்தான் பேரை அழிக்கல," என்றாள் கலைவாணி.

சீனு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பார்த்தவன் சாய்ந்திருந்த கதவை விட்டு நிமிர்ந்தான்.

"கன்னையா டிபன். பிரீத்தி ஃபேன்சி. ஸ்ரீநிலையம் லாட்ஜ் மூணாவது மாடி. அக்கா, இது திருச்சானூரு. கன்னையா கடையில நான் துன்ன இட்லியை அடுக்கினா திருமலைக்கு நடந்தே ஏறலாம்."

"பக்கத்துல நம்பர் போட்டிருக்கே, இன்னா சார் அது?"

"சிக்னல் பலம்," என்றார் அசரியா. குரல் இறங்கியிருந்தது. "மைனஸ் குறையக் குறையப் பக்கம்னு அர்த்தம்."

கன்னையா டிபனுக்கு மைனஸ் முப்பத்தெட்டு, பிரீத்தி ஃபேன்சிக்கு ஐம்பத்திரண்டு, லாட்ஜுக்கு எழுபத்தொன்று.

"முப்பத்தெட்டுன்னா ஒரு சுவர், இல்லேன்னா ஒரு தளம் தள்ளி," என்றார்.

"இன்னாத்துக்கு இந்த ஊர்ல மனுசனுக்கு விலாசம்," என்றான் சீனு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே. "வா அக்கா, இட்லி தீர்றதுக்குள்ள போவலாம்."

*

பழைய ஆம்னி வேன் பூதலப்பட்டைத் தாண்டியது. கலைவாணி கேட்டாள்.

"காலி டம்ளரைக் குடிச்சாரு பாத்தியா?"

"பாத்தேன். நூறு தடவை அலசினேன்னாரு. அந்தப் பேரை இன்னிக்குத்தான் மொத மொத பாக்கறாரு."

"நிரலைப் படிக்கறவங்க நிரலைத்தான் படிப்பாங்க. மனுசன் பேர் வர்ற வரியைத் தாண்டிக்கினு போயிடுவாங்க. இது தெரிஞ்சவங்கதான் அங்க எழுதியிருக்கணும்."

 சந்திரகிரிக் கோட்டை பக்கவாட்டில் ஓடிப்போனது. இவ்வளவு தூரம் யோசித்து அடிக்கிற ஆள் எப்படிப்பட்ட ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சீனு ஓட்டினான்.

திருச்சானூரில் கன்னையா அவனைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்தார். "ஏமி சீனு, ஆட்டோ அம்மேசாவா? இப்போ வேனா?"

"வித்துட்டேன் நைனா. உன் கடைக்கு மேல யாரு கீறாங்க?"

"லேப்டாப் ரிப்பேர் மேடம். சாலா மஞ்சி மனிஷி, ரொம்ப நல்லவங்க. எங்க வை-ஃபைக்குப் பேர் வச்சதே அவங்கதான்."

கலைவாணி சீனுவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கம்பக்கத்தான் பெயரை அழிக்க மறந்துவிட்டதாக நினைத்தது தப்பு. பெயர் வைத்தவளுக்கே அது தெரியாமலா போகும்?

மாடியில் ஒரே அறை. சுவரெல்லாம் பிரித்துப் போட்ட லேப்டாப்புகள். ஜன்னலோரம் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் திருப்புளியோடு குனிந்திருந்தாள். நிமிர்ந்து இருவரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"சித்தூர்லேர்ந்தா?" என்றாள். "ரெண்டு மாசம் ஆயிடுச்சே. ஒரு வாரத்துல வருவாருன்னு நெனச்சேன். அவர் வரலியா?"

"ஆள் அனுப்பியிருக்காரு," என்றாள் கலைவாணி. "நீங்கதான் ஷோபா. மகிழனும் நீங்கதான்."

"உக்காருங்க."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்ட குற்றவாளியை சீனு பார்த்ததில்லை. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பின்கட்டு வழியாக ஓடினால் துரத்துவதற்கென்று செருப்பை இறுக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"காலேஜ்ல நான் அவரோட ஸ்டூடண்ட்," என்றாள் ஷோபா. "ஒரே சர்ச்சுதான். பன்னெண்டு வருஷம் முன்னால அந்தக் கார்டு மருதத்துல வேலையே செய்யாது. ஃபைனல் இயர் புராஜெக்டா எடுத்துகினு ஏழு மாசம் உக்காந்து நான் ஓட வச்சேன். சார்கிட்ட குடுத்தேன். அவர் தன் பேர்ல அனுப்பிட்டாரு. அதை வச்சுத்தான் பராமரிப்பாளர் ஆனாரு."

"நீங்க கேக்கலியா?"

"அப்போ எனக்குத் தெரியாது மேடம். வேலைக்கு எழுதிப் போட்டேன். இந்த டிரைவர் நான் எழுதினதுன்னு போட்டிருந்தேன். வேலையும் கெடைச்சுது. கம்பெனிக்காரங்க சரிபார்க்க சாருக்கு மெயில் போட்டாங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு ஒரே வரி எழுதினாரு. வேலை போச்சு. அந்த ஒரு வரி அதுக்கப்புறம் நான் போன எடத்துக்கெல்லாம் எனக்கு முன்னால போச்சு. சர்ச்சுல எங்க அம்மா மூஞ்சியைப் பார்த்து யாரும் பேசல."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் கையிலிருந்த திருப்புளியை மேசையில் குத்திக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஆத்திரம் அடங்கல. அடங்கவும் வேணாம். அதை வச்சுத்தான் இத்தனை வருஷமா உக்காந்து வேலை பாக்கறேன்."

"அதுக்காகக் கொழந்தைங்க பரீட்சையைக் கெடுப்பீங்களாம்மா?" சீனுவுக்கு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவன் மகள் பத்தாவது படிக்கிறாள்.

ஷோபா முதல் முறையாக வெட்கித் தலை குனிந்தாள். பிறகு லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"நான் ரெண்டு மடல் அனுப்பினேன். இது மொதல்ல போனது, முன்னுரை. படிங்க."

கலைவாணி படித்தாள். பழைய மாடல் கார்டுகளில் இந்தத் திருத்தம் வேலை செய்யாமல் போகலாம், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கட்டாயம் சோதித்துப் பார்க்கவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அவர் கையில அந்தப் பழைய மாடல் கார்டு இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. சோதிச்சிருந்தா அன்னிக்கே தூக்கி எறிஞ்சிருக்கலாம். கீழ என் பேரைப் பார்த்திருந்தா அப்பவே வேர்த்திருக்கும். ரெண்டும் பண்ணல. பதினோரு வருஷமா அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டுகினு இருக்கார்னு ஊருக்குத் தெரியணும்னு நெனச்சேன். சோதிக்காமலே உள்ள விடுவாருன்னு நெனைக்கல." திருப்புளியைக் கீழே வைத்தாள். "இல்ல, பொய் சொல்லக் கூடாது. பாதி நெனச்சேன். அந்தப் பிள்ளைங்களுக்கு மறு பரீட்சை வச்சாங்க. வைக்கற வரைக்கும் நான் தூங்கல."

 கீழே கன்னையா யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். பிடித்துக்கொண்டு போக வந்த ஆளைப் பார்த்து இப்போது சீனுவுக்கு நெஞ்சு கொதித்தது, ஆனால் கொதித்தது அவள் பேரில் இல்லை.

"இப்ப இன்னா வேணும் உங்களுக்கு?" என்றாள் கலைவாணி.

"உலகம் பூரா படிக்கற பொது மடல் பட்டியல்ல அவர் எழுதணும். அந்த டிரைவர் ஷோபா எழுதினது, நான் திருடினேன், கேட்டவங்ககிட்ட அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். மூணு வாக்கியம். எழுதினா அந்தப் பள்ளிக்கூடத்து லேப்டாப்புங்க சாகாம நான் பாத்துக்கறேன். எழுதலன்னா அஞ்சு மணிக்கு எல்லாம் குப்பை."

*

மத்தியானம் இரண்டு மணிக்கு சித்தூர். அசரியா பேனாவோடு காத்திருந்தார். பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

"பேர்?"

"ஷோபா," என்றாள் கலைவாணி. "நீங்க காலையிலேயே கண்டுபிடிச்சிட்டீங்க சார். காலி டம்ளர்ல தண்ணி குடிச்சீங்களே, அப்பவே."

அவர் மறுக்கவில்லை. கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, காலியாக இருந்த இடத்தில் பேனா முனையை வைத்தார். 

"எழுதுங்க, விலாசம்கூட தர்றேன்," என்றாள் கலைவாணி. "ஆனா அந்த லெட்டரை யாருக்கு அனுப்புவீங்க? அவங்களுக்கு மேலதிகாரின்னு யாரும் இல்ல. ஒரு வேலையிலயும் அவங்களை நீங்க இருக்க விடல."

ஷோபா கேட்ட மூன்று வாக்கியத்தையும், அதற்குப் பதிலாக அவள் தந்த வாக்கையும் கலைவாணி சொன்னதும் அசரியா பேனாவை மூடினார். ஸ்டூடண்ட் எழுதியது அரைகுறையாக இருந்தது, நான்தான் செப்பனிட்டேன் என்றார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்றார். கம்பெனிக்காரனுக்கு என்ன எழுதினேன் என்று ஞாபகமில்லை என்றார்.

"ஞாபகம் இல்லாத விசயத்துக்கு இவ்ளோ நேரமா பதில் சொல்லிகினு கீறீங்களே சார்," என்றான் சீனு. அவன் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அசரியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவளுக்காக எழுதவில்லை, அது சீனுவுக்கே தெரிந்தது. பதினோரு வருட டிரைவர் பிழைத்துக்கொள்ளட்டும் என்று எழுதினார். மூன்று வாக்கியத்துக்கு இருபது நிமிடம் பிடித்தது. அனுப்பியதும் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப்போன மாதிரி பின்னால் சாய்ந்தார்.

"இப்ப பொறுப்பு ஏத்துக்கறேன்னு எழுதுவா. ஏத்துக்கட்டும். என் டிரைவர் இருக்கும்."

நான்காவது நிமிடம் பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் யாராலும் எழுத முடியாது, முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். இந்த முறை அனுப்பியவர் மகிழன் இல்லை, சொந்தப் பெயரில் ஷோபா. அசரியா திறந்தார். திரையில் வரிவரியாகக் கழித்தல் குறி ஓட ஆரம்பித்தது. அவர் முகம் வெளுத்துப்போவதை சீனு பக்கத்திலிருந்து பார்த்தான்.

"இன்னா சார் அது?"

"நாலாயிரம் வரி. என் டிரைவர் மொத்தமும். நீக்கறா." அவர் விரல் உருட்டிக்கொண்டே போனது. "அதே கார்டுக்குப் புதுசா ஒண்ணு எழுதியிருக்கா. ஆயிரத்து நூறு வரி. முதல் வரியிலேர்ந்து அவளோடது."

லேப்டாப்புகள் சாகாது என்று சொன்ன வார்த்தையை அவள் காப்பாற்றிவிட்டாள். அந்த வார்த்தையில் அசரியாவுக்கு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மடல் பட்டியலின் தலைமைக்காரர் கீழே உடனே ஒரு வரி போட்டார். ஐந்து மணிக்குள் யாராவது ஒரு பிழை காட்டினால்கூட இது நிறுத்தி வைக்கப்படும், இல்லாவிட்டால் உள்ளே போகும்.

அசரியா எழுந்து கதவைச் சாத்தினார். "ஒரு தப்பு போதும் எனக்கு. ஆயிரம் வரியில ஒரு தப்பு இல்லாம யாராலும் எழுத முடியாது."

படிக்க ஆரம்பித்தார். ஒரு வரியையும் தாண்டவில்லை. சில இடத்தில் நின்று, மேலே போய், திரும்பி வந்தார். நாலு மணிக்கு மேசை இழுப்பறையைக் கலைத்து அந்தப் பழைய மாடல் கார்டைத் தேடி எடுத்தார். அதன்மேல் அவ்வளவு தூசி இருந்தது. துடைத்து, ஒரு கிழட்டு லேப்டாப்பில் சொருகி, அவளுடைய நிரலை ஏற்றினார். வை-ஃபை பிடித்தது. கார்டைப் பிடுங்கினார், மறுபடி சொருகினார். மறுபடி பிடித்தது. லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்பினார். அப்போதும் பிடித்தது. பத்து தடவை செய்தார். அவர் தோற்க வேண்டும் என்று சீனு மனதுக்குள் வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டதற்கு வெட்கப்படவும் இல்லை.

நாலே முக்காலுக்கு அசரியா கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பே இல்ல," என்றார்.

"அதை எழுதிடுங்க சார்," என்றாள் கலைவாணி. "படிச்சுப் பார்த்துத் தப்பு இல்லேன்னா படிச்சவங்க பேரைப் போடறது உங்க வழக்கமாச்சே."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. ஆனால் வாழ்நாளெல்லாம் இந்த வேலையில் கிடந்த மனுஷனுக்கு, தப்பு இல்லாததில் தப்பு இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை. படித்தேன், சோதித்தேன், பிழை இல்லை, அசரியா என்று தட்டி அனுப்பினார். ஐந்து மணிக்கு அவருடைய நாலாயிரம் வரியும் மருதத்திலிருந்து போய்விட்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது சீனுவின் போன் அடித்தது. ஷோபா.

"நிஜமாவே சோதிச்சாரா?"

"சோதிச்சாரும்மா. பத்து தபா. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன்."

"அழுதாரா?"

சீனு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். அசரியா திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஷோபாவின் மடலை முதல் வரியிலிருந்து மறுபடி திறந்து வைத்திருந்தார்.

"இல்லம்மா. படிச்சிகினு கீறாரு. ரெண்டாவது தபா."



"படிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.